மாதவி தப்பினாள், உதயரேகா?

ஒரு பெண் இடரில் சிக்கியிருக்கிறாள். அவள் நடிகை. பொருள் படைத்த ஒருவன் அவளை விலை பேசுகிறான். புகழ் படைத்த இன்னொருவன் அந்த விலைக்குத் தலையசைக்கிறான். அவளைக் காக்கக் கவிஞன் ஒருவன் குறுக்கே நிற்கிறான். தப்புவாளா, தவறுவாளா? காப்பானா, கைவிடுவானா? இந்தக் கேள்விகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, படிப்போரை விடிய விடிய விழித்திருக்கச் செய்யலாம். செய்தும் இருக்கிறார்கள்.

நாமும் அப்படி விழித்தவர்தாம். கலைப் பட்டத்துக்குப் படித்த நாளில், கல்லூரி விடுதியின் மங்கிய விளக்கொளியில், நா. பார்த்தசாரதியின் 'சமுதாய வீதி'யை ஒரே இரவில் படித்து முடித்தோம். மாதவி தப்பிவிட்டாள் என்று அறிந்ததும் ஏட்டை மூடினோம், நிம்மதியாக உறங்கினோம். அந்த உறக்கம் பிழையானது என்று உணர நமக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. உணர்த்தியவர் பேராசிரியர் அல்லர். பெரும் திறனாய்வாளரும் அல்லர். தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரம் செல்லும் சாலையை ஒட்டிய சிற்றூர் ஒன்றின் படிப்பகத்தில், கடைசி வரிசையில் அமர்ந்திருந்த ஓர் ஆலைத் தொழிலாளி. அவர் கேட்ட ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கவே இக்கட்டுரை.

முதலில் கதையைச் சொல்லிவிடுவோம்.

நாடகக் கம்பெனிகள் நொடித்துப்போன பிறகு, பிழைப்பைத் தேடி மதுரையிலிருந்து சென்னைக்கு வருகிறான் முத்துக்குமரன். கவிஞன், தன்மானம் மிக்கவன், கையில் காசில்லாதவன். அவனோடு அந்நாளில் அதே கம்பெனியில் பெண் வேடம் கட்டிய கோபால், இன்று பெயர் பெற்ற திரைப்பட நடிகன். மாளிகையும் மகிழுந்தும் கொண்டவன். கோபால் தன் பெயரில் நாடக மன்றம் தொடங்குகிறான். நண்பனை நாடகம் எழுதச் சொல்கிறான். 'கழைக்கூத்தியின் காதல்' உருவாகிறது. அதன் தலைவியாக நடிக்க வருபவள் மாதவி. எழுத்தாளனும் நடிகையும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். அதற்குள் பினாங்கிலிருந்து அப்துல்லா என்னும் செல்வர் வருகிறார். மலேசியாவில் நாடகம் நடத்த ஏற்பாடு செய்பவர் அவர். அவர் கண் மாதவியின்மேல் விழுகிறது. அவரை மகிழ்விப்பது தன் தொழிலுக்கு நல்லது என்று கோபால் கருதுகிறான். பிறகு கடல் கடந்த பயணம். ஒவ்வோர் ஊரிலும் ஒரு வலை. ஒவ்வொரு வலைக்கும் குறுக்கே முத்துக்குமரன். இறுதியில் காதலர் இருவரும் கோபாலின் நிழலைவிட்டு விலகி, வாழ்வில் இணைகிறார்கள்.

1971ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி பரிசைப் பெற்ற புதினம் இது. எழுதியவர் 'தீபம்' ஏட்டை நடத்தியவர். 'குறிஞ்சி மலர்' தந்தவர். அவருடைய அரசியல் நம் அரசியலன்று. அதனால் அவர் எழுத்தைத் தள்ளிவைக்கும் வழக்கம் நம் படிப்பகத்துக்கு இல்லை. மாற்றார் எழுதியதையும் படி, மனத்தராசில் நிறு, பிறகு பேசு என்பதே நாம் அங்குக் கொண்ட நெறி. ஆகவே ஒரு ஞாயிறு மாலை இதையே எடுத்துக்கொண்டோம். இருபதுக்கும் மேற்பட்டோர் வந்திருந்தனர். கல்லூரி மாணவர், ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர், பெங்களூருவில் கட்டட வேலை செய்து ஊர் திரும்பியிருந்த இளைஞர், பட்டுக்கூடு வளர்க்கும் உழவர், பெண்கள் நால்வர். கருத்துகள் பொழிந்தன. அவற்றை வரிசைப்படி எடைபோட்டுப் பார்ப்போம்.

முதற் கருத்து: நடிகை என்றால் அப்படித்தான்

எழுந்தவர் ஓர் இளைஞர். கருப்புச் சட்டை அணிந்தவர். கூட்டமென்றால் முதலில் வந்து நாற்காலி போடுபவர். "அந்தத் தொழிலுக்குப் போனவள் இதையெல்லாம் எதிர்பார்த்துத்தானே போயிருப்பாள்? இதில் அதிர்ச்சியடைய என்ன இருக்கிறது?" என்றார். சிலர் தலையாட்டினர்.

தோழர்களே, இந்தத் தலையாட்டலைச் சற்று உற்றுப் பாருங்கள். குலத்தொழில் என்று ஒருவரை ஒரு குழியில் தள்ளிவிட்டு, குழியில் இருப்பவன் இழிந்தவன் என்று கூறிய பழைய நீதிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அங்கே பிறப்பு, இங்கே பிழைப்பு. மாதவி அந்த நாடக மன்றத்தில் என்ன செய்கிறாள்? பாடம் படிக்கிறாள், ஒத்திகை பார்க்கிறாள், மேடையேறுகிறாள். முத்துக்குமரன் எழுதும் நாடகத்தைத் தட்டச்சு செய்து கொடுக்கவும் அமர்கிறாள். உழைக்கிறாள், உழைப்புக்குக் கூலி பெறுகிறாள். அவள் விற்றது நடிப்பை. அதை வாங்கியவன், விற்காததையும் சேர்த்து வாங்கியதாக எண்ணிக்கொண்டால் குற்றம் யாருடையது? துணிக்கடையில் புடவை எடுத்துப் போடும் பெண் தன்னையும் சேர்த்து எடுத்துப் போட்டதாக எவரும் எண்ணுவதில்லை. நடிகைக்கு மட்டும் ஏன் வேறு கணக்கு?

மூடநம்பிக்கை கோவிலில் மட்டும் குடியிருப்பதில்லை. கருப்புச் சட்டைக்குள்ளும் சில வேளைகளில் வாடகையின்றி ஒண்டிக்கொள்ளும். சட்டையை மாற்றுவது எளிது. அதைத் துரத்துவது அரிது.

இரண்டாம் கருத்து: கற்பைக் காத்தார் கதாசிரியர்

பெரியவர் ஒருவர் சொன்னார்: "எத்தனை சோதனை வந்தும் மாதவியைக் கெடாமல் கரை சேர்த்தாரே, அதுதான் இந்த எழுத்தாளரின் உயர்வு."

இக்கருத்தைக் கேட்டபோது நமக்கு நம் மாவட்டத்துத் தெருக்கூத்து நினைவுக்கு வந்தது. அறுவடை முடிந்த காலத்தில் பாரதக் கூத்து நடக்கும். துகிலுரியும் காட்சி வரும். ஊரே விழித்திருக்கும். ஆண் ஒருவர் திரௌபதியாக வேடமிட்டு, அழுது, அரற்றி, கைகூப்பி நிற்பார். சேலை வளரும், பெண்கள் கண்ணீர் சிந்துவார்கள், "காப்பாற்றிவிட்டான்" என்று பெருமூச்சு விடுவார்கள். பொழுது விடியும். மனைவியைப் பணயம் வைக்கலாம் என்று ஒப்புக்கொண்ட அந்த அவையை யாரும் விசாரிப்பதில்லை. சூதாடியவன் அறத்தின் மகனாகவே மறுநாள் இரவும் மேடைக்கு வருவான்.

'சமுதாய வீதி'யின் அமைப்பும் இதுவே. சேலை தரக் கண்ணன் வரவில்லை, கவிஞன் வருகிறான். அவ்வளவுதான் மாற்றம். படிப்பவர் நெஞ்சு படபடப்பது மாதவியின் உரிமைக்காக அன்று, மாதவியின் "தூய்மை"க்காக. பால்குடம் கவிழாமல் வீடு வந்து சேருமா என்னும் பதைப்பு அது. குடத்துக்கு வலிக்குமே என்று யார் பதைப்பார்?

பெண் ஏன் அடிமையானாள் என்று பெரியார் ஆராய்ந்தபோது, கற்பு என்ற சொல் ஒரு பாலார்மேல் மட்டும் சுமத்தப்பட்டதையே தலையாய காரணங்களுள் ஒன்றாக எடுத்துக் காட்டினார். அந்த அளவுகோலை இப்புதினத்தின்மேல் வையுங்கள். கோபாலின் ஒழுக்கம் கெடுமோ என்று ஏங்கி எவரேனும் ஏட்டைப் புரட்டினாரா? அப்துல்லாவின் கற்பு கரை சேருமோ என்று எவரேனும் கவலைப்பட்டாரா?

மூன்றாம் கருத்து: குற்றம் அயலான்மேல்

இன்னொருவர், "கடல் கடந்து வந்த பணக்காரன், வேறு மதத்தான், அதனால்தான் அப்படி நடந்துகொண்டான்" என்றார். இக்காலத்தில் இப்படிப் பேசப் பலர் பழக்கப்படுத்தப்பட்டிருக்கிறார்கள். ஆகவே இதற்கு மறுமொழி உடனே தேவை.

மாதவியை அந்த விருந்துக்கு அழைத்தவன் யார்? கோபால். விருந்தினரிடம் இன்முகம் காட்டு என்று பணித்தவன் யார்? கோபால். அவளுக்குச் சம்பளம் தருபவன், மறுத்தால் வாய்ப்பைப் பறிக்கக் கூடியவன் யார்? அவனே. வாங்க வந்தவனின் மதத்தை விசாரிக்கும் நாம், விற்க முனைந்தவனின் ஊரை ஏன் விசாரிக்கவில்லை? அவன் நம்மூர், நம் மொழி, நம் மேடையில் வளர்ந்தவன். ஆபத்து பினாங்கிலிருந்து கப்பலேறி வரவில்லை. அது சென்னை மாளிகையின் வரவேற்பறையிலேயே காலாட்டிக்கொண்டு அமர்ந்திருந்தது.

இந்த இடத்தில் நா. பார்த்தசாரதிக்கு உரிய புகழை மறைக்கக் கூடாது. புகழும் பணமும் ஒருவனை எப்படி முதலாளி ஆக்குகின்றன என்பதை அவர் கூர்மையாகக் காட்டியிருக்கிறார். பெண் வேடம் கட்டி, ஆண்களின் கண்களைத் தானே தாங்கி வளர்ந்தவன் கோபால். அந்தக் கூச்சம் என்னவென்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும், அதிகாரம் கைக்கு வந்ததும் அதே கண்களுக்கு இன்னொரு பெண்ணைக் காட்சிப் பொருளாக்குகிறான். இந்தத் தலைகீழ் மாற்றத்தைத் தமிழ்ப் புதினத்தில் எடுத்து வைத்தது சிறிய செயலன்று.

நான்காம் கருத்து: ஆண்மகன் வந்தான், அபாயம் தீர்ந்தது

கல்லூரி மாணவர்கள் பெரும்பாலோர் முத்துக்குமரனுக்கே மாலை சூட்டினர். "அவன் மட்டும் இல்லாவிட்டால் மாதவி என்ன ஆகியிருப்பாள்?" என்றனர். வியப்புக் குறி போட்டுக் கேட்டார்கள். நாம் அதே சொற்களை வினாக்குறி போட்டுக் கேட்கிறோம்: அவன் இல்லாவிட்டால் அவள் என்ன ஆகியிருப்பாள்?

காதலன் இருந்தால்தான் நடிகைக்குக் காப்பு என்றால், காதலன் இல்லாதவளுக்கு என்ன காப்பு? காதலன் கோழையானால்? காதலனே கோபால் ஆகிவிட்டால்? முத்துக்குமரன் நல்லவன்தான். ஆனால் அவன் சீற்றம் கோபாலிடம் மட்டுமா பாய்கிறது? மாதவியிடமும் பாய்கிறது. அவன் முன்னாலும் அவள் தன்னை மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. அவன் முன்னாலும் அழ வேண்டியிருக்கிறது. ஒரு கூண்டிலிருந்து மீண்டவள், இன்னொரு வீட்டு வாசலில் நற்சான்றிதழோடு நிற்கிறாள். மேடை அவளுக்குத் தொழிலாகவே நீடிக்க ஒரு வழியைக் கதை காட்டவில்லை. விலகு, மணந்துகொள் என்பதே காட்டப்பட்ட வழி. நடிகைக்கு விடுதலை என்பது நடிப்பிலிருந்து விடுதலைதானா?

ஐந்தாவதாக எழுந்த கேள்வி

இந்த அளவில் கூட்டம் முடிந்திருக்கும். நாமும் நன்றி கூற எழுந்தோம். அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து அந்தப் பெண்மணி கை உயர்த்தினார். முப்பது வயது இருக்கும். பள்ளியை இடையில் விட்டு, மேற்கே நூற்பாலை ஒன்றுக்கு விடுதி வாழ்க்கையாகப் போய், சில ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பியவர். நம் மாவட்டத்தில் இப்படிப் போய்வந்த பெண்கள் இல்லாத ஊர் அரிது.

"சார், எல்லாரும் மாதவியைப் பத்தியே பேசறீங்க. அந்த உதயரேகா என்ன ஆனா?" என்றார்.

அவையில் அமைதி. பலருக்கு அப்படியொரு பெயரே நினைவில் இல்லை. நாம் ஏட்டைப் புரட்டினோம். ஆம், இருக்கிறாள். அதே நாடகக் குழுவில் மலேசியப் பயணத்துக்கு வரும் இன்னோர் இளம் நடிகை. மாதவி மறுத்த இடங்களுக்கெல்லாம் போனவள்; மாதவி கிடைக்காத அப்துல்லாவின் பொழுதுக்கு அளிக்கப்பட்டவள். கதை அவள் மனத்துக்குள் நம்மை அழைத்துப் போவதில்லை. அவளுக்காக எந்தக் கவிஞனும் சீறுவதில்லை. மாதவி இருக்க வேண்டிய இருக்கையில் அவள் அமர்ந்தாள். நாம் மாதவிக்காக மகிழ்ந்தோம்.

அந்தத் தொழிலாளி தொடர்ந்தார்: "எங்க ஆலையிலயும் இப்படித்தான் சார். ஒருத்தி சண்டை போட்டுத் தப்பிச்சிட்டா, அந்த எடத்துக்கு இன்னொருத்திய ஷிப்டு மாத்திப் போட்டுடுவாங்க. தப்பிச்சவளைப் பத்தி ஊருல பெருமையா பேசுவாங்க. மாத்திப் போட்டவளைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க. பேசுனாலும் தப்பாத்தான் பேசுவாங்க."

நால்வகைக் கருத்துகளும் அந்த நாலைந்து வரிகளுக்கு முன் உதிர்ந்தன. திறனாய்வு என்றால் இதுவன்றோ! பட்டம் பெற்ற நாம், ஒரே இரவில் படித்து முடித்த நாம், மாணவருக்கு இலக்கியம் நடத்தும் நாம், உதயரேகாவைக் கடந்து போயிருந்தோம். அவளைக் கண்டவர், அவள் இடத்தில் ஒருத்தியைக் கண்ணால் கண்டவர்.

இதுவே இப்புதினத்தின்மேல் நாம் வைக்கும் குற்றச்சாட்டு; வாசகர்மேல் வைக்கும் குற்றச்சாட்டும் இதுவே. கதைத் தலைவி தப்பியதும் ஆபத்து தீர்ந்ததாக நாம் எண்ணுகிறோம். ஆபத்து தீரவில்லை; ஆள் மாறியிருக்கிறது. மாதவிக்காகப் பதைத்த நெஞ்சு உதயரேகாவுக்காகப் பதைக்காவிட்டால், நாம் இரங்கியது பெண்ணுக்காக அன்று; கவிஞனுக்குச் சேர வேண்டிய பொருளுக்காக.

வேறு வகையில் எழுத முடியாதா?

முடியும், எழுதியிருக்கிறார்கள். 1936இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற புதினத்தை வெளியிட்டார். தேவதாசி முறையின் கொடுமையைப் பட்டறிந்தவர் அவர். மேடைமேடையாக அதை எதிர்த்து முழங்கியவர். அவர் கதையில் மைனர்கள் மயங்குகிறார்கள், குடும்பங்கள் அழிகின்றன, திருப்பங்கள் நேர்கின்றன, விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆயினும் அவர் கேட்பது "இவள் தப்புவாளா?" என்பதன்று, "இந்த வலையை நெய்தவர் யார்?" என்பது. சட்டமன்றத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடுத்த போரும், ஊர்தோறும் அம்மையார் போன்றோர் செய்த பரப்புரையும் சேர்ந்தே, 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டமாகக் கனிந்தன. வலையை அறுத்தது ஒரு காதலனின் வீரம் அன்று. பலர் கூடி இயற்றிய சட்டம்.

நடிகையே எழுதுகோல் பிடித்ததும் உண்டு. 1931இல் 'காளிதாஸ்' படத்தின் வழியாகத் தமிழ்ப் பேசும்படத்தின் முதல் தலைவியான டி. பி. ராஜலட்சுமி புதினம் எழுதினார். 1936இல் 'மிஸ் கமலா' என்ற படத்தைத் தாமே இயக்கினார். காக்கப்பட வேண்டிய பதுமை என்று கதைகள் வரைந்த நடிகை, கதை சொல்லும் இடத்துக்கே வந்து அமர்ந்த காட்சி அது. இன்று எத்தனை பேருக்கு இது நினைவிருக்கிறது?

நம் இயக்கம் திரையையும் மேடையையும் படைக்கலமாக ஏந்தியது. 1952இல் வந்த 'பராசக்தி'யிலும் இடரில் சிக்கிய பெண் இருக்கிறாள். காக்கும் அண்ணனும் இருக்கிறான். ஆயினும் அந்தப் படம் காப்பாற்றியதோடு நிற்கவில்லை. வழக்கு மன்றத்தில் சமுதாயத்தையே கூண்டில் ஏற்றியது. அவளை ஓட ஓட விரட்டியது யார் என்று கேட்டது. அந்தக் கேள்விதான் அதைச் சாதாரணக் கதையினின்று பிரித்தது. 'சமுதாய வீதி' தன் பெயரிலேயே சமுதாயத்தைத் தாங்கியிருந்தும், வீதியில் உதயரேகாவை நிறுத்திவிட்டு, இருவரை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

கதையில் மட்டுமா?

"ஐம்பது ஆண்டுக்கு முந்திய கதை, இப்போது எதற்கு?" என்று கேட்போர் உண்டு. அண்டை மாநிலத்தைப் பாருங்கள். 2017 பிப்ரவரியில் கொச்சியில் நடிகை ஒருவர் ஓடும் காரில் கடத்தப்பட்டு வன்கொடுமைக்கு உள்ளானார். நாடே அதைத் தொடர்கதையைப் போலப் படித்தது. அடுத்து என்ன, யார் பெயர் வரும் என்று ஆவலோடு காத்திருந்தது. ஆனால் அங்கிருந்த நடிகையரும் திரைத்தொழிலாளப் பெண்களும் கதை படிப்போராக இருக்க மறுத்தார்கள். கூட்டமைப்பு அமைத்தார்கள், அரசிடம் சென்றார்கள். நீதிபதி ஹேமா தலைமையில், நடிகை சாரதாவும் ஓய்வு பெற்ற ஆட்சிப்பணி அலுவலர் வல்சலா குமாரியும் உறுப்பினராகக் குழு அமைந்தது. 2019 டிசம்பரில் அறிக்கை அளிக்கப்பட்டது. அது ஏறத்தாழ ஐந்தாண்டு உறையிலேயே உறங்கி, 2024 ஆகஸ்டில்தான், சில பகுதிகள் நீக்கப்பட்டு, வெளிவந்தது.

அந்த அறிக்கை என்ன சொன்னது? வாய்ப்புக்கு விலையாக "இணங்கிப் போ" என்னும் வற்புறுத்தலைச் சொன்னது. படப்பிடிப்புத் தளங்களில் கழிப்பறை இல்லாமையை, உடை மாற்ற மறைவிடம் இல்லாமையைச் சொன்னது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாத பணியைச் சொன்னது. துணை நடிகையர், ஒப்பனைப் பெண்கள் ஆகியோரின் அவல நிலையைத் தனியே எடுத்துச் சொன்னது. அந்தத் துணை நடிகையர் யார், தோழர்களே? அவர்கள்தாம் உதயரேகாக்கள். புதினம் மறந்தவர்களை அறிக்கை நினைவில் கொண்டது. பரிசு பெற்ற நூலை விஞ்சிய நூலாக ஓர் அரசு அறிக்கை அமைந்துவிட்டதே!

ஆலையும் திரையும் இதில் வேறல்ல. 1992இல் இராசத்தானில், குழந்தை மணத்தைத் தடுக்க முயன்ற பன்வாரி தேவி என்னும் ஊரகப் பணியாளர் கூட்டு வன்கொடுமைக்கு உள்ளானார். அதன் விளைவாக எழுந்ததே விசாகா வழக்கு. 1997இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்தது. 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். அதற்குக் குறைந்த இடத்தவரும் வீட்டுப் பணியாளரும் மாவட்டந்தோறும் அமைய வேண்டிய உள்ளூர்க் குழுவில் முறையிடலாம். முறையீட்டுக்கு மூன்று திங்கள் கெடு. தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று திங்கள். விசாரணையைத் தொண்ணூறு நாளில் முடிக்க வேண்டும். இவற்றை அன்று மாலை நாம் கரும்பலகையில் எழுதினோம். அந்த ஆலைத் தொழிலாளி ஒரு தாளில் படியெடுத்துக்கொண்டார். "இது அப்பவே தெரிஞ்சிருந்தா" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. சட்டம் ஏட்டில் இருந்தது; அவருடைய விடுதிச் சுவரில் இல்லை.

நம் கணக்கையும் தீர்க்க வேண்டும்

பிறரை எடைபோட்டோம். நம்மையும் தராசில் ஏற்றாவிட்டால் இது திறனாய்வு ஆகாது.

நாம் பணியாற்றும் பள்ளியின் ஆண்டுவிழாவுக்கு ஒரு சிறு நாடகம் எழுதினோம். நம் மண் பழைய தகடூர். அதியமானின் நண்பராக விளங்கிய ஔவை, தொண்டைமானிடம் தூது சென்ற நிகழ்ச்சி. போரைத் தவிர்க்க ஒரு பெண் புலவர் பகை மன்னனின் படைக்கலக் கொட்டில் முன் நின்று பேசிய கதை. ஔவையாக நடிக்க ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தோம். ஒத்திகையில் அவள் குரல் உயர்ந்தபோது, வெளியே விளையாடிய பிள்ளைகளும் சாளரத்தில் வந்து நின்றார்கள்.

விழாவுக்கு மூன்று நாள் முன்னர் அவள் தந்தை வந்தார். "சார், பொம்பளப் பிள்ளையை மேடை ஏத்தி நடிக்க வைக்காதீங்க. நாளைக்குப் பொண்ணு கேட்டு யாரு வருவா?" என்றார். நல்ல மனிதர், மாந்தோப்பில் கூலி வேலை செய்பவர், மகளைப் படிக்க வைப்பவர். நாம் வாதாடியிருக்க வேண்டும். வாதாடவில்லை. ஊர்ப் பொல்லாப்பு நமக்கெதற்கு என்று எண்ணினோம். வேடத்தை ஒரு மாணவனுக்குக் கொடுத்தோம். வெள்ளைச் சேலை உடுத்தி அவன் ஔவையாக நின்றான். கைதட்டல் வானைப் பிளந்தது. அந்த மாணவி முதல் வரிசையில் அமர்ந்து பார்த்தாள். அவள் உதடுகள் ஒவ்வொரு வரியையும் ஓசையின்றி ஒப்பித்துக்கொண்டிருந்தன. கண்டும் காணாதவராய் இருந்தோம்.

ஔவை தூது போன மண்ணில், ஔவை வேடம் கட்ட ஒரு பெண்ணுக்கு இடமில்லை! கோபால்கள் பெண் வேடம் கட்டிய நாளுக்குப் பள்ளிக்கூடத்தைத் திருப்பி அழைத்துச் சென்றவர் நாமே. அந்தத் தந்தையின் அச்சம் எங்கிருந்து வந்தது? "நடிகை என்றால் அப்படித்தான்" என்று படிப்பகத்தில் ஒலித்த அதே குரலிலிருந்து. கற்பு கரை சேருமா என்று ஏங்கவைக்கும் கதைகளிலிருந்து. பெண் மேடையேறினால் ஆபத்து என்று படித்துப் படித்து, ஆபத்தை ஒழிப்பதற்கு மாறாகப் பெண்ணை மேடையிலிருந்து இறக்கக் கற்றுக்கொண்டோம். புதினத்தைப் பற்றிய கருத்து புதினத்தோடு நிற்பதில்லை, தோழர்களே. அது நடந்து வந்து ஒரு சிறுமியின் குரல்வளையைத் தொடுகிறது.

ஆகவே, நாம் செய்ய எண்ணியிருப்பதைச் சொல்லி முடிக்கிறோம். 'சமுதாய வீதி'யைப் படியுங்கள். படிக்க வேண்டாம் என்று நாம் கூறமாட்டோம். மாதவி தப்பும்போது மகிழுங்கள். மகிழ்ந்தபின் பக்கத்தைத் திருப்பி உதயரேகாவைத் தேடுங்கள். உங்கள் ஊர் ஆலையில், கடையில், அலுவலகத்தில் உள்ளகக் குழு இருக்கிறதா, அதன் உறுப்பினர் பெயர் சுவரில் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். கருப்புச் சட்டை இளைஞரும் நாமும் வரும் கிழமை முதல் ஊர் ஊராக அதைக் கேட்கப் புறப்படுகிறோம். முதற் கருத்தைச் சொன்ன அவரே முதலில் பெயர் கொடுத்தார் என்பதை மகிழ்வோடு பதிவு செய்கிறோம்.

அந்த மாணவி இப்போது பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். இவ்வாண்டும் அதே நாடகத்தை வைத்திருக்கிறோம். சென்ற ஞாயிறு அவள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, சென்ற ஆண்டு பேசாமல் விட்டதையெல்லாம் அவள் பெற்றோரிடம் பேசினோம். தந்தை உடனே இசையவில்லை. தாய் மட்டும், "வசனம் முழுசும் இன்னும் மனப்பாடமா வெச்சிருக்கா சார்" என்றார்.

வெள்ளைச் சேலை தயாராக இருக்கிறது. இம்முறை அது மாணவனுக்குப் போகாது.